ஊசி ஒருவர் கையிலேயே இருக்க வேண்டாம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். சொந்த ஊர் தர்மபுரி பக்கம். ஆறு வயது மகளுக்கு மூன்று மாதத்துக்கு முன் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. ஓயாத தாகம், இரவில் படுக்கையை நனைப்பது என்று இருந்தாள். வெயில் காலம் என்று நான் மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நான்கு நாள் ஐசியூவில் இருந்தாள். இப்போது தினமும் நான்கு ஊசி. நான்தான் போடுகிறேன், கணவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குழந்தை மட்டும் அழாமல், ஊசி முடியும்வரை பள்ளியில் கற்ற கன்னடத்தில் பத்து வரை எண்ணுகிறாள். இரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து சர்க்கரை பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டேன். ஊரில் ஒரு வைத்தியரிடம் வாங்கிவந்த சூரணத்தால்தான் இன்சுலின் அளவு குறைந்தது, ஊசியை நிறுத்திவிடலாம் என்கிறார் மாமியார். பெண் குழந்தை, நாளை கல்யாணம் ஆக வேண்டும், யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்கிறார். பள்ளியில் பொறுப்பேற்க முடியாது என்கிறார்கள். பத்து வயது மகன் மொட்டை மாடியில் ஒளிந்து சாக்லேட் சாப்பிடுகிறான். நான் என்ன தவறு செய்தேன்?

— ஒரு தாய், பெங்களூரு

பதில்:

அன்புச் சகோதரி,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைப் பகை என்று எண்ணி அழித்துவிடுவதுதான் இந்த நோய். இனிப்பு தின்றதால் வருவதில்லை. கர்ப்ப காலத்தில் நீங்கள் எதைச் சாப்பிட்டீர்கள், எதை விட்டீர்கள் என்பதும் காரணமில்லை. தாகம் தெரிவதற்குப் பல மாதங்கள், சில குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே உள்ளே அந்த அழிவு தொடங்கிவிடுகிறது. நீங்கள் மோர் கொடுத்த அந்த நாட்களை நினைத்து எத்தனை இரவு அழுதிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கோடையில் தண்ணீர் தண்ணீர் என்று கேட்கும் பிள்ளைக்கு மோர் கொடுக்காத தாய் யார்? மூச்சு வாங்கியதும் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். அதனால்தான் அவள் இன்று பத்து வரை எண்ணுகிறாள்.

அடுத்து, மாமியார் சொன்னது. ஊசி அளவு குறைந்திருக்கிறது என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் குறைத்தது சூரணம் இல்லை. இன்சுலின் போடத் தொடங்கிய சில வாரங்களில், கணையத்தில் மிச்சம் இருக்கும் கொஞ்சம் பீட்டா செல்கள் இளைப்பாறிவிட்டு மறுபடி வேலை செய்யும். டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இது நீடிக்கும். பிறகு அந்த மிச்சமும் தீரும், ஊசி அளவு மறுபடி ஏறும். நோய் குணமாகிவிட்டது என்று குடும்பங்கள் நம்பி ஏமாறுவது சரியாக இந்த மாதங்களில்தான். ஊசியை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து, சில நாட்களிலேயே, சில சமயம் ஒரே நாளில், பழையபடி ஐசியூ. உயிரே போகலாம். குழந்தை வாந்தி எடுத்தாலும் காய்ச்சலில் படுத்தாலும் சாப்பிட மறுத்தாலும்கூட இன்சுலினை நிறுத்தக் கூடாது. அளவை மாற்றுவது டாக்டரின் வேலை. இந்த ஒரு விஷயத்தில் மரியாதைக்காகவோ வீட்டு அமைதிக்காகவோ நீங்கள் இறங்கிப்போகக் கூடாது. சூரணத்தையும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

மாமியாரை அடுத்த பரிசோதனைக்குக் கூடவே அழைத்துப்போய், டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் பதினான்கு வயது லெனார்ட் தாம்ப்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும்வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் மாதக் கணக்கில், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள். அதற்கு முன் உலகில் மூலிகைக்கா பஞ்சம்? பாட்டிக்குப் பேத்தி மேல் இருக்கும் பாசம்தான் சூரணமாக வந்திருக்கிறது. அந்தப் பாசத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். கோடையில் ஊருக்குப் போகும்போது மின்சாரம் போனால் இன்சுலின் கெட்டுப்போகலாம் என்று சொல்லுங்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டும், உறைந்தும் போகக் கூடாது. இறுக மூடிய டப்பாவில் போட்டுத் தண்ணீர் உள்ள மண்பானைக்குள் வைத்தால் வெயிலிலிருந்து ஓரளவு காப்பாற்றலாம். பானையை வைத்துக் காக்க அவரைவிடத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் யார்?

ஊர்ப் பயணம் என்றதும் இன்னொன்று. ஊசி போடும் இன்சுலின் பேனா தீர்ந்து அங்கே கடையில் மருந்துக் குப்பியும் சிரிஞ்சும் வாங்க நேர்ந்தால், இரண்டிலும் எழுதியிருக்கும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகையும் விற்கிறார்கள். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

யாரிடமும் சொல்லாதே என்பதற்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்குச் சொந்தமாகவே சொல்ல இருக்கிறது.

என் தம்பிக்கு இந்த நோய் வந்தது 1986-இல். அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினான்கு. வீட்டில் ரத்தம் பார்க்கும் கருவி கிடையாது. அம்மா சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, இடுக்கியில் பிடித்து அடுப்பில் கொதிக்க வைப்பார். நீலம் நீலமாகவே நின்றால் அம்மாவின் முகம் தெளியும். பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் அன்று வீட்டில் யாரும் பேச மாட்டோம். பக்கத்து அடுப்பில் கண்ணாடி சிரிஞ்சு கொதிக்கும். யாராவது கதவைத் தட்டினால் இரண்டு பாத்திரத்தையும் மூடிவிட்டுத்தான் திறப்போம். வெளியில் சொல்லக் கூடாது என்பது எங்களுக்குச் சோறு போல் பழகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணம். அதிகாலையில் ஊசி போட்டாயிற்று. முகூர்த்தம் தள்ளிப்போய்ப் பந்தியும் தள்ளிப்போயிற்று. இன்சுலின் போட்டபின் சாப்பாடு தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். தம்பி வியர்த்துக் கொட்டி, சம்பந்தமில்லாமல் பேசி, நாற்காலியிலிருந்து சரிந்தான். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். வலிப்பு என்று நினைத்து ஒருவர் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான். இருபதடி தூரத்தில் சமையல்கட்டில் பாயசத்துக்காக ஒரு மூட்டை சர்க்கரை இருந்தது. சொல்லக் கூடாது என்றே வளர்ந்த நான், சர்க்கரை கேட்காமல், அம்மாவைத் தேடி மாடிக்கு ஓடினேன். அம்மா வந்துதான் அவன் உதட்டைப் பிரித்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார். நல்லவேளையாக அவனால் இன்னும் விழுங்க முடிந்தது. முற்றிலும் நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பக்கவாட்டில் படுக்க வைத்து, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் குளூகோகான் ஊசி இருந்தால் போட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. அன்று மாலையே அம்மா பந்தியில் உட்கார்ந்திருந்த உறவினர் ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொன்னார். தம்பி இன்று ஐம்பதை நெருங்குகிறான். ஓசூரில் வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். பெண் பார்க்கப் போனபோதே எல்லாவற்றையும் சொன்னோம். இரண்டு இடம் தட்டிப்போயிற்று, மூன்றாவது அமைந்தது. உங்கள் மகளின் கல்யாணத்துக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது. அவள் மயங்கி விழுந்தால் சர்க்கரை கொடுக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டியது நாளைக்கே.

அதனால் பள்ளியை விடாதீர்கள். வகுப்பு ஆசிரியையையும் ஆயாவையும் நேரில் பாருங்கள். ஒரே ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் வேண்டாம், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள். வெளிறிப்போனால், வியர்த்தால், கை நடுங்கினால், காரணமில்லாமல் அழுதாலோ எரிந்து விழுந்தாலோ உடனே சர்க்கரை பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தாலோ, பார்க்க வழியில்லாவிட்டாலோ குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். எத்தனை ஸ்பூன் என்பதை டாக்டர் அவள் எடையைப் பார்த்துச் சொல்வார். அந்த எண்ணை எழுதுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாக்கும். அவளை எந்த அறைக்கும் தனியாக அனுப்பக் கூடாது. பையில் ஒரு டப்பா, ஆசிரியையின் மேசையில் ஒரு டப்பா குளுக்கோஸ் இருக்கட்டும்.

பொறுப்பேற்க முடியாது என்று மறுபடி சொன்னால், டாக்டரின் கடிதத்தோடு எழுத்து மூலமாகக் கேளுங்கள். டைப் 1 உள்ள மாணவர்கள் பொதுத் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரையும் தின்பண்டமும் கொண்டுபோகச் சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதித்துவிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எழுதியதை அடுத்து, 2023-இல் உத்தரப் பிரதேச அரசு, வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கவும் இன்சுலின் போடவும் இந்தப் பிள்ளைகளை அனுமதிக்கச் சொல்லிப் பள்ளிகளுக்கு உத்தரவிட்டது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

மகனைத் திட்டாதீர்கள். அவன் ஒளிந்து தின்பது தங்கை மேல் இருக்கும் இரக்கத்தால்தான். எனக்கும் வருமா என்ற பயமும் அவனுக்குள் இருக்கும்; என் மனதிலும் இருந்தது, யாரும் கேட்கவில்லை. உடன்பிறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது வருவதில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். வீட்டிலிருந்து இனிப்பை முழுதாக விரட்டவும் வேண்டாம். பிறந்தநாள் கேக் ஒரு துண்டை, அதற்குரிய இன்சுலினோடு அவளும் சாப்பிடலாம். இன்சுலின் கணக்கில் முக்கியம் மாவுச்சத்தின் அளவு. இங்கேதான் ராகி ஏமாற்றும். பெங்களூரில் ராகி முத்தே, அதாவது கேழ்வரகுக் களி என்றால் சர்க்கரை நோய்க்கு மருந்து என்றே பலர் நினைக்கிறார்கள். நூறு கிராம் ராகியில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, அரிசியில் 78 கிராம் அளவு. நார்ச்சத்து உள்ள நல்ல தானியம்தான், ஆனால் ஊசி இல்லாமல் தின்னக்கூடியது இல்லை. நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் இதே கதைதான். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, உங்கள் இட்லித் தட்டில் வேகும் இட்லியின் எடையை மகனைக் குறிக்கச் சொல்லுங்கள். பத்து வயதுப் பையனுக்கு அந்த வேலை பிடிக்கும்.

செலவு பாரமாக இருந்தால் ஜெயநகரில் கர்நாடக அரசின் எண்டோகிரினாலஜி நிலையம் இருக்கிறது, இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. அங்கே விசாரியுங்கள்.

இனி உங்கள் கணவர். அவரைக் கோழை என்று நினைக்காதீர்கள். ஐசியூவில் மகளைப் பார்த்த தந்தை அவர். ஆனால் நாளுக்கு நான்கு ஊசி, இரவுக்கு ஒரு அலாரம் என்று ஒரே ஆள் ஓடினால், ஒரு வருடத்துக்குள் அந்த ஆள் விழுந்துவிடுவார். அது நீங்கள். உங்கள் மகளுக்கு ஊசி போடத் தெரிந்த இன்னொரு ஆள் இன்றைக்கு அந்த வீட்டில் இல்லை என்பதுதான், உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய விஷயம். முதல் வாரம் அவர் ஊசி போட வேண்டாம். மகளின் எதிரே உட்கார்ந்து அவளோடு சேர்ந்து எண்ணட்டும். ஒந்து, எரடு, மூறு. மருந்து முழுதாக உள்ளே இறங்க அந்தப் பத்து எண்ணிக்கை எப்படியும் தேவை. இரண்டாம் வாரம் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கட்டும். பிறகு மருந்து தீர்ந்து இனி மகளுக்கு வேண்டாத ஒரு பேனாவில் புது ஊசி மாட்டித் தன் தொடையிலேயே, மருந்து இல்லாமல், ஒரு முறை குத்திப் பார்க்கட்டும். அந்த ஊசியையும் பேனாவையும் அப்படியே எறிந்துவிடுங்கள். இப்போதைய பேனா ஊசியின் நீளம் வெறும் 4 மில்லிமீட்டர் என்பதும், அது எவ்வளவு சின்ன வலி என்பதும் அப்போது அவருக்கே தெரியும். அடுத்து மகளுக்கு. இன்று வயிறா, தொடையா என்று அவளே காட்டட்டும். ஒரே இடத்தில் போட்டால் கட்டி விழும், மருந்து சரியாக இறங்காது. மூன்று மணி அலாரம் ஒரு நாள் உங்களுக்கு, ஒரு நாள் அவருக்கு. அவருடைய நாளில் நீங்கள் அடுத்த அறையில் படுங்கள், இல்லாவிட்டால் இருவருமே விழித்திருப்பீர்கள். இரண்டு வாரம் கையில் ஒட்டியிருந்து சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் வாங்க முடிந்தால், சர்க்கரை இறங்கும்போது எழுப்பும் வகையாகக் கேளுங்கள்.

விட்ட வேலையைப் பற்றி இப்போதே முடிவு கட்டாதீர்கள். அவர் கை பழகட்டும், பள்ளியும் பழகட்டும், பிறகு உங்கள் பழைய அலுவலகத்தில் பேசிப் பாருங்கள்.

பள்ளிக்குக் கொடுக்கும் அந்தத் தாளின் அடியில் அவசரத்துக்கு அழைக்க இரண்டு எண் எழுத வேண்டும். முதல் எண்ணாக உங்கள் கணவருடையதை எழுதுங்கள்.