மகள் தத்துவம் படிக்கக் கேட்கிறாள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. "பிளஸ் டூவில் இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு பி.ஏ. தத்துவம்தான் படிப்பேன் என்கிறாள், நாளைக்குச் சோற்றுக்கு என்ன செய்வாள்?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். அந்த டிகிரியை மட்டும் நீட்டினால் வேலை கொடுக்கிற ஆபீஸ் நம்மூரில் அநேகமாக இல்லை.

போன சனிக்கிழமை அவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நியாய சாஸ்திரம் என்கிற நம் நாட்டுப் பழைய தர்க்க மரபின் உதாரணம் ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுப்படியில் இருப்பதுபோல. படித்தவள், "அது பனிமூட்டமா இருந்தா மேடம்?" என்றாள். அந்தக் காலத்துத் தர்க்கவாதிகளே மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது! அப்புறம் பேனாவை வாங்கி, புகைதான் என்று எப்படி உறுதி செய்வது எனத் தாளின் பின்பக்கம் வரை எழுதித் தள்ளினாள். வாழ்க்கைத் தத்துவம் சொல்லித்தருவார்கள் என்று நினைத்துச் சேர்ந்து, தர்க்கவியல் பாடத்தைக் கண்டு மிரளும் பிள்ளைகள் உண்டு. இவள் மிரள மாட்டாள்.

ஆகவே படிக்கட்டும். ஆனால் அடுத்த படியை இப்போதே பேசி வையுங்கள். பட்டம் முடித்து மூன்று வருஷ எல்.எல்.பி. சட்டப் படிப்பில் சேரலாம், என் கணிப்பில் அவளுக்கு அதுதான் தோதான வழி. யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாளுக்கு 500 மார்க். 2013 முதல் அறநெறித் தாளுக்கு 250 மார்க் தனியாக உண்டு. என்றாலும் அந்தத் தேர்வு ஒன்றையே நம்பி உட்கார வேண்டாம். கல்லூரிப் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் எம்.ஏ., நெட் என்கிற தகுதித் தேர்வு, பிஎச்.டி. என்று பத்து வருஷம் ஓடிவிடும், காலியிடமும் குறைவு. அதுவரை வீடு தாங்குமா என்று வரவு செலவை அவளிடமே காட்டிப் பேசுங்கள்.

கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டிச் சேர்க்காதீர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் இந்தப் பாடம் இருக்கிறது, அரசுக் கல்லூரி என்பதால் கட்டணமும் சொற்பம். தத்துவ அறிஞரும் முன்னாள் குடியரசுத் தலைவருமான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பாடம் எடுத்த இடம் அது. அவர் படித்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் இருக்கிறது. விண்ணப்பம் போடும் முன் அவளை அழைத்துக்கொண்டு நேரில் போய், மூன்றாம் வருஷப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள்.

அந்தத் தாள் அவள் பையில்தான் இருக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள்.