வீட்டு ஓனரின் வக்கீல் என்று பொய் சொல்லி ஒருவர் காலி செய்யச் சொல்லி மிரட்டுகிறார். வாடகைக்கு இருப்பவர் சட்டப்படி என்ன செய்யலாம்?

எங்களுக்கே நடந்ததால் சொல்கிறேன். போன வருஷம் வேலூர் வேலப்பாடியில் குடியிருந்தோம். ஒருநாள் சாயங்காலம் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட்டில் ஒருவர் வந்தார். பைக்கில் வக்கீல் ஸ்டிக்கர். "நான் ஓனரோட வக்கீல். கோர்ட் ஆர்டர் இருக்கு, மூணு நாள்ல காலி பண்ணணும்" என்று ஒரு தாளை நீட்டினார். வாங்கிய என் மனைவிக்குக் கை நடுங்கியது.

அவர் போன பிறகுதான் தாளை நிதானமாகப் பார்த்தேன். வழக்கு எண் இல்லை, கோர்ட் முத்திரை இல்லை, பெயருக்குக் கீழே பதிவு எண்ணும் இல்லை. வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கு 'எம்எஸ்' என்று தொடங்கி, வரிசை எண்ணும் ஆண்டும் சேர்ந்த எண் இருக்கும். முதலில் அதைக் கேளுங்கள். சத்துவாச்சாரி கோர்ட்டில் தெரிந்த வக்கீல் மூலம் விசாரித்தேன். அந்தப் பெயரில் யாருமே இல்லை. ஓனரைக் கேட்டால், "தெரிஞ்ச பையன்தான்" என்றார்!

அவர் நிஜ வக்கீலாகவே இருந்தாலும் உங்களை வெளியேற்ற முடியாது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வாடகை நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். தண்ணீர், கரண்ட்டை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். பலவந்தமாக வெளியேற்றிவிட்டால், 6 மாதத்துக்குள் வீட்டைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம்.

நாங்கள் அந்தத் தாளின் நகலோடு, எதிர்வீட்டு கேமரா பதிவையும் சேர்த்துப் போலீஸில் புகார் கொடுத்தோம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். மிரட்டலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 351-வது பிரிவு. ஆள்மாறாட்டம் செய்து பணமும் ஏமாற்றி வாங்கியிருந்தால் 319-வது பிரிவு; அதற்கு 5 ஆண்டு வரை சிறை. ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை அழிக்க வேண்டாம். வக்கீல்கள் சட்டம் 45-வது பிரிவையும் சிலர் சொல்வார்கள். அது கோர்ட்டிலோ அதிகாரி முன்போ வக்கீல் போலத் தொழில் செய்பவருக்கானது; வாசலில் வந்து மிரட்டியவர் மேல் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நிஜ வக்கீலே இப்படி மிரட்டினால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

அப்புறம், கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். பாக்கி விழுந்தால் அதுவே காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். ஓனர் கையில் வாங்க மறுத்தால் அவருடைய வங்கிக் கணக்கில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100-க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்கள் பெயரில் மனு கொடுத்தால் வருமானம் பார்ப்பதில்லை. எங்கள் புகாரில் மனைவிதான் கையெழுத்துப் போட்டாள்.