கேமரா முன்னால் நுணுக்கமான முகபாவங்களுக்கு மாடல்கள் எப்படிப் பயிற்சி எடுக்கலாம்?

சிரித்தால் செயற்கையாகத் தெரிகிறது, சிரிக்காவிட்டால் முகம் இறுகிப்போய் இருக்கிறது, நடுவில் எதையும் கொண்டுவர முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முகத்தை நெருக்கத்தில் படமெடுப்பதுதான் என் வேலை. அதனால் இதை அடிக்கடி பார்க்கிறேன். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் எல்லா உணர்ச்சியையும் வாயிலேயே காட்டப் பார்க்கிறார்கள். க்ளோசப்பில் பார்ப்பவரின் கவனம் முதலில் போவது கண்ணுக்கு. எனவே கண்ணைத் தனியாகவும் வாயைத் தனியாகவும் அசைக்கப் பழகுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

டுஷேன் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் படமெடுத்து, 1862-இல் வெளியிட்டார். உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை மட்டும் வேலை செய்தால் அந்தச் சிரிப்பில் உயிர் இருக்காது. மனதார மகிழும்போது கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசையும் சேர்ந்து சுருங்கும் என்று அவர் காட்டினார். அந்தத் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது என்பது அவர் கருத்து. ஆனால் பலரால் அதை வேண்டும்போது இயக்க முடிகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. பழகப் பழக அது வசப்படுவதை நானும் பார்த்திருக்கிறேன்.

போனைக் கண் உயரத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். பின்பக்கக் கேமராவில், கொஞ்சம் ஜூம் செய்து வீடியோ எடுங்கள். கையெட்டும் தூரத்தில் செல்ஃபி எடுத்தால் மூக்கு பெரிதாகி முகத்தின் அளவே மாறிவிடும். இப்போது மூக்கையும் வாயையும் ஒரு தாளால் மறைத்துக்கொண்டு லென்ஸைப் பாருங்கள். புருவம் அசையக்கூடாது, மேலிமையும் இறங்கக்கூடாது. கீழிமையை மட்டும் மயிரிழை அளவு மேலே கொண்டுவாருங்கள். வரவில்லையா? தூரத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்க முயலுங்கள், தானாக வரும். பீட்டர் ஹர்லி என்ற புகைப்படக்காரர் ‘ஸ்குவிஞ்ச்’ என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கியது ஏறக்குறைய இதைத்தான். கண்ணை அகலத் திறந்து கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரிந்தால் பயந்த பார்வையாகிவிடும். கீழிமை லேசாக ஏறினால் அதே கண்ணில் ஒரு உறுதி வந்துவிடுகிறது. இந்த ஒன்று பிடிபடும்வரை வேறு எதற்கும் போகாதீர்கள்.

பிடிபட்டதும் அளவைப் பழகுங்கள். எக்மன், ஃப்ரீசன் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் முக அசைவுகளை வகைப்படுத்தும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதில் இன்று ஒவ்வொரு அசைவின் தீவிரத்தையும் ஐந்து படிகளாகக் குறிக்கிறார்கள். நமக்கு வேண்டியது பெரும்பாலும் முதல் இரண்டு படிகள்தான். முழுச் சிரிப்பில் தொடங்கி, மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள். உதடு ஓய்ந்த பிறகும் கன்னத்திலும் கண்ணிலும் சிரிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும் இல்லையா, அங்கே நிறுத்திப் பிடியுங்கள். அடியிலிருந்து ஏற்றுவதைவிட மேலிருந்து இறக்குவது எளிது.

தசை வேலை இவ்வளவுதான். இதோடு நின்றால் முகம் திறமையாக இருக்கும், ஆனால் உள்ளே ஆள் இருக்கமாட்டார். ‘சோகம்’, ‘கம்பீரம்’ என்று உணர்ச்சியின் பெயரை நினைத்தால் அதன் பொம்மை வடிவம்தான் வரும். அதற்குப் பதிலாக, தெரிந்த ஒருவரிடம் சொல்வதுபோல் மனதுக்குள் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். ‘நீ சொல்றதை நான் நம்பலை, சரி, மேலே சொல்லு’ என்று லென்ஸைப் பார்த்து நினைத்துப் பாருங்கள். ஒரு புருவம் கொஞ்சம் இளகும், உதட்டோரம் ஒரு பக்கம் மட்டும் இறுகும். அந்த ஒரு பக்கச் சாய்வைத் திட்டமிட்டுக் கொண்டுவருவது ரொம்பக் கடினம். வாக்கியத்தை மாற்றினால் முகமும் மாறும். உங்களுக்கு ஒத்துவரும் வாக்கியங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஷூட்டில் சட்டென்று கைகொடுக்கும்.

வாயைப் பொறுத்தவரை, பல்லைக் கடிக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மேல் கீழ் பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, உதடு வழியாக மெல்ல மூச்சு விடுங்கள். முகம் உறைந்துபோனதாகத் தோன்றினால் கண்ணை மூடி, அந்த வாக்கியத்தை நினைத்துக்கொண்டே திறவுங்கள்.

கண்ணாடியை நான் அதிகம் பரிந்துரைப்பதில்லை. அதில் தெரிவது இடவலம் மாறிய முகம். நமக்குப் பழகியது அது, மற்றவர்கள் பார்ப்பது நேரான முகம். 1977-இல் வந்த ஒரு ஆய்வில், பங்கேற்றவர்கள் தங்கள் படங்களில் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிய படத்தையும், அவர்களுடைய நண்பர்கள் நேரான படத்தையும் அதிகம் விரும்பினார்கள். அதைவிட முக்கியம், கண்ணாடி முன் நிற்கும்போது கண் உங்களையே சோதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சோதிக்கும் பார்வை பழகிவிட்டால் கேமராவிலும் அதுவே வரும்.

எனவே வீடியோவை எடுத்து முடித்த பிறகு பாருங்கள். சாதாரணமாக ஒரு நொடிக்கு 30 ஃப்ரேம் இருக்கும், ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். முகபாவம் உச்சத்துக்குப் போகும் ஃப்ரேமைவிட, அதற்குச் சற்று முன்னாலோ பின்னாலோ இருப்பதுதான் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதை எடுத்து வைத்து, அந்த நேரம் மனதில் என்ன ஓடியது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முகம் களைத்துவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். களைத்த தசை மிகையாகத்தான் நடிக்கும்.

ஷூட்டுக்குப் போனதும் படம் உடலின் எந்த இடத்தோடு முடிகிறது என்று புகைப்படக்காரரிடம் கேட்டுவிடுங்கள், கேட்பதில் தவறே இல்லை. முழு உருவப் படத்தில் கீழிமை அசைவு யார் கண்ணுக்கும் தெரியாது. அங்கே முகபாவத்தை ஒரு படி கூட்டுங்கள், கழுத்தும் தோளும் சேர்ந்து பேசட்டும். தோள்வரை மட்டும் என்றால் மேலே சொன்ன மயிரிழை அளவே போதும்.