சிங்களத்தில் சளைக்காத பையன் ஆங்கிலத்தில் ஏன் வாயடைத்துப் போகிறான்?

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகன் தரம் 10. தவணைப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 70 புள்ளிக்குக் குறைவதில்லை. ஆனால் யாராவது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். தெரிந்தவர் ஒருவர் மூன்று மாத 'ஸ்போக்கன் இங்கிலீஷ் டிப்ளோமா' வகுப்பில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். 48,000 ரூபாயும் முதலிலேயே கட்டவேண்டுமாம். கட்டலாமா?

கட்டாதீர்கள். உங்கள் மகன் சிங்களம் எந்த டிப்ளோமாவில் படித்தான்? ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடி, பஸ்ஸில் மிச்சக் காசு கேட்டு, கடையில் பாண் வாங்கிப் படித்திருப்பான். பிழையாகத்தான் கதைத்திருப்பான். யாரும் இடைமறித்து இலக்கணம் கேட்கவில்லை, அதனால் வாய் திறந்தது. ஆங்கிலம் என்று வந்தால் கதை வேறு. சிங்களவர்களே அதற்குக் 'கடுவ', அதாவது வாள், என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். வெட்டு விழுமோ என்ற பயம் உங்கள் பிள்ளைக்கு மட்டும் உள்ளதல்ல.

பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. பாடவேளை 40 நிமிடம். வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால், ஆசிரியை வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். சாதாரண தரப் பரீட்சையில் கதைப்பதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டென்று அரசாங்கம் அறிவித்தபோது, சரி, இனியாவது மாறும் என்று நானும் நம்பினேன். இன்னும் பிள்ளைகள் வெற்றிடம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே வேலை வீட்டில். கிரிக்கெட் மேட்ச் நடக்கும்போது ஒரு ஓவருக்குத் தொலைக்காட்சிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, அந்த 6 பந்துக்கும் அவனையே ஆங்கிலத்தில் வர்ணனை சொல்லச் சொல்லுங்கள். நடப்பது என்னவென்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும், சொல்லைத் தேடினால் மட்டும் போதும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும், ஆங்கிலத்தில் ஆளுக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். அதனால்தான் எங்கள் பிள்ளைகள் முழு வசனத்தையும் மனதில் கட்டி முடிக்கும்வரை பேசாமல் இருக்கிறார்கள். பந்து காத்திருக்காது, அதுதான் இதிலுள்ள நன்மை. மேட்ச் இல்லாத நாளில் பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பத்து நிமிடம் சொல்லட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சிரிக்காமல் கேட்டால் போதும். திருத்துகிறேன் என்று வரும் மாமாவைத் தயவுசெய்து தேத்தண்ணீர் குடிக்க அனுப்பிவிடுங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதைப் பார்க்காமல் விடவேண்டாம். அந்த 70 புள்ளி பாடமாக்கிய கட்டுரையால் வந்ததா? தரம் 7 ஆங்கிலப் பாடநூலை எடுத்து, அவன் மறந்துபோன ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தடக்கினால் பரவாயில்லை. ஆனால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகிக்கிறானா, சின்னச் சொற்களைத் தாண்டிப் போகிறானா, வாசித்ததைத் தமிழில் கேட்டால் விழிக்கிறானா என்று கவனியுங்கள். இன்னொரு நாள் வேறு பக்கம் கொடுங்கள், ஒரு நாள் களைப்பை வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டு நாளும் அப்படியே என்றால் அவனுக்குக் கதைப்பதில் கூச்சமில்லை, வாசிப்பே கைகூடவில்லை. அப்போது நல்ல ஆசிரியர் ஒருவரிடம் தனியாக விடுங்கள். அதற்குச் செலவழிக்கும் காசு வீண்போகாது.

இனி அந்தத் 'தெரிந்தவர்'. ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் எடுப்பவர்களை எனக்குப் பல வருடமாகத் தெரியும். ஒரு நிலையம் என்னைக் கேட்காமலே துண்டுப்பிரசுரத்தில் என் பெயரைப் போட்டது. நான் போய்ச் சத்தம் போட்டபோது, "உங்களுக்கும் விளம்பரம்தானே சேர்" என்றார்கள்! இவர்கள் சொல்லும் பொய் இரண்டு. ஆங்கிலம் சித்தியடையாவிட்டால் உயர்தரம் படிக்க முடியாது என்பது ஒன்று. முதன்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடம் சித்தி, அதில் 3 திறமைச் சித்தி: அதுதான் கேட்கப்படுவது. டிப்ளோமா இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு உதவும் என்பது மற்றது. அங்கே பார்ப்பது உயர்தரத்தின் இசட் புள்ளியை, அதாவது வெவ்வேறு பாடப் புள்ளிகளை ஒப்பிடுவதற்காகக் கணிக்கும் புள்ளியை; சுவரில் மாட்டிய சான்றிதழை அல்ல.

அவர் திரும்பி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேர்? ஒரு மணித்தியாலத்தில் என் மகன் எத்தனை நிமிடம் கதைப்பான்? மாதாமாதம் கட்டலாமா? மூன்றாவது கேள்வியிலேயே அவருக்கு அவசர வேலை வந்துவிடும்.

முதல் நாள் வர்ணனையைக் கைபேசியில் பதிந்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து இன்னொன்றைப் பதியுங்கள். இரண்டையும் அவனுக்கே போட்டுக் காட்டுங்கள், மாமாவுக்கு வேண்டாம்.