எம்பிராவை மேலே தூவினால் ஒட்டாது

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், பத்து வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். ஜிம்பாப்வே பாடகர் தாமஸ் மப்ஃபூமோவின் இசையில் மயங்கி, அதே பாணியில் ஒரு பாட்டு போட்டேன். என் கார்டுகளுக்கு (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகள்) மேல், எம்பிரா என்ற ஜிம்பாப்வே வாத்தியத்தின் சாம்பிள் (சிறு ஒலிப்பதிவு) ஒன்றை இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்தேன். நண்பன் கேட்டுவிட்டு, "நடுவுல யாருக்கோ போன் வர்ற மாதிரி இருக்குடா" என்கிறான். எங்கே தப்பு? இந்த மாதிரி இசையை நம்பி வேலையை விடலாமா?

பதில்: உங்கள் நண்பருக்கு நல்ல காது. நீங்கள் அனுப்பிய பாட்டை நானும் கேட்டேன், எனக்கும் போன்தான் ஞாபகம் வந்தது.

எம்பிராவுக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரே சுருதி கிடையாது. செய்கிறவரைப் பொறுத்து மாறும், கீபோர்டின் ஸ்வர அளவோடு அப்படியே பொருந்தவும் பொருந்தாது. அடியில் சி மேஜர் கார்டைக் கணகணவென்று ஒலிக்க விட்டுவிட்டு மேலே இதைத் தூவினால் இரண்டும் முறைத்துக்கொண்டுதான் நிற்கும்.

மப்ஃபூமோ போன வழி இதற்கு நேர் எதிர். 1945-இல் மரோண்டேராவில் பிறந்து, சின்ன வயதில் கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். வாலிபத்தில் பாடியதெல்லாம் எல்விஸ் பிரெஸ்லி, ஓட்டிஸ் ரெடிங் வகையறா. 1972-இல் மாங்குரா தாமிரச் சுரங்கத்தில், தொழிலாளர்களுக்கு வாசிப்பதற்காக அமைந்த குழுவில் சேர்ந்தார். குழுவின் பெயர் 'ஹல்லேலூயா சிக்கன் ரன் பேண்ட்' (சத்தியமாக இதுதான் பெயர்). அங்கேதான் அவரும் ஜோஷுவா ஹ்லோமாயி டூபே என்ற கிட்டாரிஸ்டும் ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களுடைய எம்பிரா மெட்டுகளைக் கிட்டாரில் பிடிக்க ஆரம்பித்தார்கள். கவனியுங்கள், அந்தக் குழுவில் எம்பிரா என்ற வாத்தியமே இல்லை.

எம்பிரா என்பது ஒரு மரப்பலகை, அதன் மேல் 22 முதல் 28 வரை இரும்புப் பட்டைகள். இரண்டு கட்டைவிரலும் வலது ஆள்காட்டி விரலும் மட்டும்தான் வேலை செய்யும். பெரிய சுரைக்குடுக்கைக்குள் பொருத்தி வாசிப்பார்கள். குடுக்கையில் சிப்பியோ சோடா மூடியோ கட்டியிருப்பதால் ஒவ்வொரு தட்டலுக்கும் பின்னால் ஒரு 'ஜ்ர்ர்' வரும். அந்த இரைச்சல் வேண்டுமென்றே வைத்தது. உங்கள் சாம்பிளில் அதைச் சுத்தமாகத் துடைத்து எடுத்திருக்கிறார்கள், போன் மணி மாதிரி ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைக் கிட்டாருக்குக் கொண்டு வருவது எப்படி? வலது உள்ளங்கையின் ஓரத்தை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிகள் மேல் லேசாக வைத்து, ஒவ்வொரு ஸ்வரமாகத் தட்டினார்கள். ஒலி நீளாமல், பட்டை தட்டிய மாதிரி 'டுக் டுக்' என்று நின்றுவிடும். டிரம்ஸில் ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டு, ஹோஷோ என்ற சுரைக்காய்க் கிலுகிலுப்பையின் வேலையைச் செய்தது. அதாவது புது வாத்தியங்கள் பழைய வாத்தியத்தின் குணத்துக்கு அடங்கின. அசல் எம்பிராக்காரர்கள் அவர் குழுவுக்குள் வந்தது 1980-களின் நடுவில், பத்து வருடத்துக்கும் மேல் கழித்துத்தான்.

அதனால் சாம்பிளை முதலில் எடுத்துவிடுங்கள். கார்டுகளையும்தான். பன்னிரண்டு துடிப்பு, அந்த மாதிரி நான்கு வாக்கியம், ஆக 48 துடிப்புகளில் ஒரு சுற்று. ஒரே ஒரு மெட்டை இந்தச் சுற்றில், கை வைத்து அடக்கிய கம்பியில், அரை மணி நேரம் நிறுத்தாமல் வாசித்துப் பாருங்கள். சலிக்கும். ஷோனா மக்கள் இதை முன்னோர்களின் ஆவியை அழைக்கும் பீரா சடங்கில் இரவு முழுக்க வாசிப்பார்கள், அரை மணி நேரம் ஒன்றும் பெரிதில்லை. அப்புறம் அதைப் பதிவு செய்து, அதன் மேல் இரண்டாவது வரியை ஒரு துடிப்பு தள்ளி ஆரம்பியுங்கள். எம்பிராவில் இருவர் சேர்ந்து வாசிக்கும்போது சில மெட்டுகளில் இப்படித்தான் கோத்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் வாசிக்காத மூன்றாவது மெட்டு ஒன்று நடுவிலிருந்து காதில் விழும். அது கேட்கும் வரை பாடக்கூட வேண்டாம்.

சாம்பிளே வேண்டுமென்றால், வாசித்தவர் யார், எந்த மெட்டு என்று தேடிப் பெயர் போடுங்கள். எம்பிராக் கலைஞர் ஸ்டெல்லா சிவேஷே கற்க நினைத்த காலத்தில் பெண்ணுக்கு எம்பிரா சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை, கடைசியில் தாத்தா முறை உறவினர் ஒருவர்தான் கற்றுக்கொடுத்தார். அவ்வளவு பாடுபட்டுக் கைக்கு வந்த ஒன்றை 'ஆப்ரிக்கன் பெல் 3' என்று கோப்பில் போட்டு வைப்பது எனக்கு உறுத்துகிறது.

வேலை விஷயம். மப்ஃபூமோ இந்தப் பரிசோதனையை ஆரம்பித்ததே ஒரு சுரங்கக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் என்பதை மறக்காதீர்கள். பாட்டு பிரபலமான பிறகும் நிம்மதி இல்லை. விடுதலைப் போரின் பாட்டாக, 'சிமுரெங்கா' என்ற பெயரில் அது பரவியதும், 1970-களின் கடைசியில் வெள்ளையர் அரசு அவரைக் குற்றச்சாட்டே இல்லாமல் அடைத்து வைத்தது. சுதந்திரம் வந்த பிறகு 1989-இல் 'கரப்ஷன்' (ஊழல்) என்று சொந்த அரசையே பாடினார், அதற்கும் விலை கொடுத்தார். 2000 வாக்கில் குடும்பத்தோடு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக்குப் போனவர், பல வருட இடைவெளிக்குப் பிறகு ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயின் மேடையில் பாடியது 2018-இல். புகழ் இருந்தது, மாதச் சம்பளத்தின் நிம்மதி இருந்ததாகத் தெரியவில்லை.

உங்களிடம் இப்போது இருப்பது ஒரே ஒரு பாட்டு, அதுவும் ஒட்டவில்லை. வேலையை விடாதீர்கள். ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே இப்போதைக்குத் தாராளம். ஆறு மாதம் கழித்து, கார்டு இல்லாத ஒரு பதிவை அனுப்புங்கள். எனக்கு முன்னால் அந்த நண்பருக்குப் போட்டுக் காட்டுங்கள், போனை எடுக்கப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.