நகைச்சுவையான விலங்குப் பாடலின் வடிவத்தையும் உணர்வையும் தனித்தனியே ஆராய வேண்டுமா?

கல்லூரி ஒப்படைப்புக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தேவையில்லை, சேர்த்தே எழுதுங்கள். முதுகலையில் அப்படிச் சேர்த்து எழுதியதற்காக எனக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது என்பதால் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

அந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் தனிப்பாடல்:

முன்னே கடிவாளம் மூன்றுபேர் தொட்டிழுக்கப்
பின்னே யிருந்திரண்டு பேர்தள்ள – எந்நேரம்
வேதம்போம் வாயான் விகடரா மன்குதிரை
மாதம்போம் காத வழி.

எந்நேரமும் வாயில் வேதம் ஓடிக்கொண்டிருக்கும் விகடராமன் என்பவரின் குதிரை இது. ஐந்து பேர் பாடுபட்டும் அக்குதிரை ஒரு காதம் போக ஒரு மாதம் ஆகிறது. நடக்கத் தெரிந்த எவரும் ஒரே நாளில் கடந்துவிடும் தொலைவு அது. நேரிசை வெண்பா என்று பாவகைக்குப் பெயரிட்டு, எதுகை மோனைகளைப் பட்டியலிட்டு, அடுத்த பத்தியில் ‘நகைச்சுவை மிளிர்கிறது’ என்று முடிப்பதுதான் தேர்வு வழிகாட்டிகள் பழக்கிவைத்திருக்கும் முறை. ஆனால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதல் இரண்டு அடிகளில் இழுப்பதும் தள்ளுவதும் மனிதர்களே. ‘குதிரை’ மூன்றாம் அடியின் கடைசியில்தான் தலைகாட்டுகிறது, அது செய்யும் ஒரே செயலான ‘போம்’ ஈற்றடிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அதே ‘போம்’ ஓர் அடி முன்னரே உரிமையாளரின் வாய்க்குக் கிடைத்துவிட்டதால், வேதம்–மாதம் என்ற எதுகை ஓயாத வாயையும் நகராத காலையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. நான்கு அடிகளில் மிகக் குறுகியதான முச்சீர் அடியில் ஒரு முழு மாதம் அடைபட்டிருப்பதும் தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

‘விகடரா – மன்குதிரை’ என்று பெயர் இரண்டு சீர்களாகப் பிளவுபடுவதும் குதிரையின் தடுமாற்றத்துக்குத் துணைபோகிறது என்று எழுதியிருந்தேன். இப்படிச் சீருக்காகச் சொல்லைப் பிளக்கும் வகையுளி எந்த வெண்பாவிலும் வரக்கூடியதுதானே என்பீர்கள். ஆம், கவி திட்டமிட்டார் என்று நான் சாதிக்கவில்லை, வாய்விட்டுப் படிக்கும்போது காதில் விழுவதையே சொன்னேன். விரிவுரையாளரோ ‘யாப்பு வேறு, மெய்ப்பாடு (உணர்வு வெளிப்பாடு) வேறு’ என்று சிவப்பு மையில் எழுதி அந்தப் பத்தி முழுவதையும் அடித்துவிட்டார்.

உணர்வைப் பொறுத்தவரை, தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கில் இது எள்ளல். எள்ளப்படுவது குதிரையன்று; பாட்டில் பெயர் பெற்றிருப்பவர் அதன் உரிமையாளர் மட்டுமே.

உங்கள் ஆசிரியரும் அப்படிப்பட்டவராக இருந்தால், சீர்களை அசைபிரித்து அலகிட்டு, தேமா, புளிமா போன்ற வாய்பாட்டை முதலில் எழுதிவிடுங்கள். அதற்குரிய மதிப்பெண்ணிலாவது எவரும் கைவைக்க முடியாது.