அகநானூற்றில் யானையை எண்ணுவது எப்படி?

கேள்வி: முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறைத் தாள் எடுக்கிறேன். புள்ளியியல் அலகு வந்தாலே வகுப்பு முகம் வாடிவிடுகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறார்கள், ஆய்வேட்டில் பயன்படுத்தத் தெரிவதில்லை. எங்கே தொடங்கலாம்?
கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: சராசரி, திட்ட விலக்கம் என்று பாடநூல் வரிசையில் போகாதீர்கள். அவர்களுக்குப் பழகிய நூல் ஒன்றை எடுங்கள். அகநானூறு இதற்கென்றே தொகுத்தது போலிருக்கும்.

“400 பாட்டில் 40-ஐ மாதிரியாக எடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். 10, 20, 30 என்று பத்துக்கு ஒன்றாக எடுத்தவர் கையில் நாற்பதும் நெய்தலாக இருக்கும்! 1, 3, 5 என்று போனவருக்குப் பாலை தவிர வேறில்லை. ஒற்றைப்படை எண் பாலை (200), 2, 8-இல் முடிவது குறிஞ்சி (80), 4 முல்லை, 6 மருதம், 0 நெய்தல் (தலா 40). தேர்வுக்கு இதை ஒப்பித்தவர்கள்தாம் மாதிரி எடுக்கும்போது மறந்துவிடுகிறார்கள். தொகுத்தவரின் அடுக்கும் நாம் தாவும் இடைவெளியும் ஒத்துப்போனால் மாதிரி கெடும் என்பதை இனி மறக்கமாட்டார்கள்.

சரியான வழி: எக்செல்லில் 1 முதல் 400 வரை ஒரு பத்தி, பக்கத்தில் ராண்ட் (RAND, தற்செயல் எண் தரும் சூத்திரம்). அந்த எண்களை மதிப்புகளாக ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு வரிசைப்படுத்தி எடுக்கலாம். திணைகளை ஒப்பிடுவதென்றால் ஒவ்வொரு திணைக்குள்ளும் இப்படித் தனித்தனியே எடுங்கள். விகிதப்படி போனால் முல்லைக்கு 4 பாட்டுத்தான் வரும், அதை வைத்து எதுவும் பேச முடியாது.

இப்போது கேள்வி: யானை வரும் பாட்டுகள் குறிஞ்சியில் அதிகமா, பாலையிலா? இரண்டிலும் தலா 40 பாட்டு மாதிரி. ‘யானை’ என்று தேடினால் களிறு, பிடி, வேழம் தப்பிவிடும். ‘பிடி’ என்று தேடினால் பிடித்தவையெல்லாம் வந்து விழும். (முதல் 120 பாட்டின் பெயரே களிற்றியானை நிரை!) ஆகவே எண்ணும் விதியை எழுத்தில் வையுங்கள். மாதிரிக்கு வெளியே 50 பாட்டை இருவர் தனித்தனியே குறிக்கட்டும். இருவரும் தலா 25-க்கு ‘உண்டு’ போட்டு, 40-இல் ஒத்துப்போனால் 80 விழுக்காடு. ஆனால் தற்செயலாகவே 50 விழுக்காடு ஒத்துப்போகும். எனவே கப்பா (தற்செயலைக் கழித்த ஒப்புமை அளவு) (0.8−0.5)/(1−0.5) = 0.6. போதாது, விதியைத் திருத்துங்கள்.

சொற்களை எண்ணாமல் பாட்டுகளை எண்ணுங்கள். ஒரே பாட்டில் நான்கு முறை வரும் களிறு நான்கு தனிச் சான்று ஆகாது.

இனி கை வர்க்கச் (chi-square) சோதனை, கிடைத்த எண்ணையும் எதிர்பார்க்கும் எண்ணையும் ஒப்பிடுவது. கணக்கைத் தாளிலேயே போடட்டும். கற்பனையாக, குறிஞ்சியில் 22, பாலையில் 12 என்று வையுங்கள். மொத்தம் 34, ஆக வேறுபாடே இல்லையென்றால் எதிர்பார்ப்பது தலா 17, யானை இல்லாதவை தலா 23. நான்கு கட்டத்திலும் வித்தியாசம் 5. 25/17 இருமுறை, 25/23 இருமுறை, கூட்டினால் 5.1. 5 விழுக்காட்டு மட்டத்தில் எல்லை 3.84 (வேறுபாடு இல்லாதபோதும் தற்செயலாக இதைத் தாண்டும் வாய்ப்பு 5 விழுக்காடு). அதைத் தாண்டிவிட்டதால் வேறுபாடு உண்டு. அதே 34, 20-உம் 14-உமாகப் பிரிந்தால் 1.8தான்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். குறிஞ்சியில் கபிலர் பாட்டுகள் பல, பாலையில் மாமூலனார் பாட்டுகள் பல. வேறுபாடு திணையுடையதா, புலவருடையதா? புலவர் பெயருக்கும் அட்டவணையில் ஒரு பத்தி வையுங்கள்.

கேள்வி: ஒரு கட்டத்தில் எதிர்பார்க்கும் எண் 5-க்குக் கீழே வந்தால்?
ஆய்வு மாணவர், மதுரை

பதில்: கை வர்க்கத்தை விட்டுவிட்டு, சிறிய எண்களுக்கும் பொருந்தும் ஃபிஷர் சோதனைக்குப் போங்கள். கவனிக்க வேண்டியது எதிர்பார்க்கும் எண்ணை, கிடைத்த எண்ணை அல்ல.